ஃப்ரிட்ஜுக்குள் ஒரு காகிதம்

1

போன வாரம் எதிர்வீட்டு ஹில்டா ஆப்பிள் கேக் சுட்டுக் கொண்டுவந்து நீட்டினார். எழுபத்துநான்கு வயது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "பிறந்த நாள் வாழ்த்துகள்" என்றார்.

என் பிறந்த நாள் மாசி மாதத்தில். பெரியவருக்கு ஞாபகம் பிசகிவிட்டதோ என்று நான் தயங்குவதைப் பார்த்துச் சிரித்தார். "போன வருடம் இதே நாளில்தானே உன்னை ஸ்ட்ரெச்சரில் வைத்துப் படியிறக்கினார்கள்? எங்கள் ஊரில் அதை இரண்டாவது பிறந்த நாள் என்போம்."

கேக்கை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். அன்று சாயந்திரம் முழுக்க அந்த நாள்தான் மனதில் ஓடியது. பயந்து பயந்து நினைக்க வேண்டிய நாள் அது. எனக்கு என்னவோ சிரிப்புத்தான் வருகிறது. ஊரில் இருக்கும் உங்களுக்கு அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். சிரிப்பதற்காக மட்டும் இல்லை, உங்கள் வீட்டிலும் நீங்கள் ஒரு காகிதம் எழுதி வைக்க வேண்டும் என்பதற்காகவும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் சந்திரா. ராமநாதபுரம் பக்கம் சிக்கல் என்ற ஊரில் பிறந்தவள். கல்யாணமாகித் தென் ஜெர்மனியில் இந்தச் சின்ன நகரத்துக்கு வந்து பதினெட்டு வருடம். கணவர் பாஸ்கரன் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையல்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரே மகள் நிலா, பதினைந்து வயது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்லுவாள். வற்புறுத்தினால் "ம்" என்பாள். அந்த "ம்" தமிழா ஜெர்மனா என்று எனக்கும் பாஸ்கரனுக்கும் சண்டையே வரும்.

2

எனக்கு வலி ஊசி ஆகாது. இது எப்படித் தெரிந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியில் படித்தபோது பஸ்ஸிலிருந்து இறங்குகையில் கணுக்கால் பிசகிவிட்டது. ஊர்ப்பக்கத்தில் ஒருவர் ஊசி போட்டார். நம் பக்கத்தில் தலைவலி, கால்வலி எதற்கும் போடுகிற சாதாரண வலி ஊசிதான். வீடு வந்து சேர்வதற்குள் முகம் பானை மாதிரி வீங்கிவிட்டது. மூச்சு விட முடியவில்லை. என் அண்ணன் கருப்பையா, மிளகாய் மூட்டை ஏற்றி நின்ற வேனில் என்னைத் தூக்கிப் போட்டு ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன ஊசி போட்டாங்க?"

அண்ணனுக்குத் தெரியவில்லை. எனக்குப் பேச்சு வரவில்லை. ஊசி போட்டவர் ஒரு துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை.

டாக்டர்கள் என்னைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அண்ணன் அத்தோடு விடவில்லை. யாரிடமோ பைக் வாங்கிக்கொண்டு திரும்பிப் போய், அந்த இடத்துக் குப்பைவாளியைக் கிளறி, உடைந்த மருந்துக் குப்பியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். கண்ணாடி குத்திச் சட்டையில் ரத்தம். டாக்டர் அந்தக் குப்பியில் இருந்த பெயரைப் படித்து, ஒரு தாளில் சிவப்பு மையால் எழுதி, "இந்தப் பேரை இந்தப் பொண்ணு சாகுற வரைக்கும் மறக்கக் கூடாது" என்றார்.

நான் மறந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. மறந்துவிட்டேன் என்றால், ஜெர்மனிக்கு வந்த பிறகு அதை யாரிடமும் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. தாள் ஏதோ பெட்டியின் அடியில் கிடந்தது.

அதை வெளியே எடுக்க வைத்தவர் ஹில்டா. அவருக்கும் எனக்கும் நட்பு ஏற்பட்டதே மொழித் தடுமாற்றத்தில்தான். வந்த புதிதில் ஒருநாள் அவருக்கு ரசம் கொடுத்தேன். மறுநாள் வந்து 'ரெட்செப்ட்' வேண்டும் என்றார். டாக்டர் எழுதித் தரும் மருந்துச் சீட்டுக்கு அந்த வார்த்தை என்று எனக்குத் தெரியும். எதற்குக் கேட்கிறார் என்று புரியாவிட்டாலும், பெரியவர் கேட்கிறாரே என்று என் இரும்புச்சத்து மாத்திரைச் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சமையல் குறிப்புக்கும் இந்த நாட்டில் அதே வார்த்தைதான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இன்றைக்கும் நான் ரசம் கொடுத்தால் "இதைச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா குடிக்க வேண்டும்?" என்று கேட்பார்.

அந்த ஹில்டா இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளங்கையில் அடங்கும் உயரம், இறுகிய மூடி. இந்த ஊரில் இதற்கு 'அவசர டப்பா' என்று பெயர். உள்ளே ஒரு படிவம். பெயர், ரத்த வகை, இருக்கிற நோய், சாப்பிடுகிற மாத்திரை, ஆகாத மருந்து, யாருக்குப் போன் செய்ய வேண்டும் எல்லாம் அதில் எழுத வேண்டும். டப்பாவை ஃப்ரிட்ஜ் கதவில் வைக்க வேண்டும். வாசல் கதவின் உட்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர், ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு ஸ்டிக்கர். ஆம்புலன்ஸில் வருகிறவர்களுக்கு நம் வீட்டு அலமாரி எங்கே, பீரோ எங்கே என்று தெரியாது. ஆனால் ஃப்ரிட்ஜ் எந்த வீட்டிலும் இருக்கும், தேடாமல் கண்ணில் படும். அதுதான் யோசனை.

படிவம் நிரப்புவதில் இந்த நாட்டை மிஞ்ச ஆள் இல்லை. என் இனிஷியலுக்கும் குடும்பப் பெயருக்கும் நடந்த சண்டையில் ஒவ்வொரு அலுவலகத்திலும் நான் ஒவ்வொரு ஆளாக இருக்கிறேன். ஒரு அட்டையில் என் அப்பா பெயர்தான் என் பெயர். ஆனால் இந்தப் படிவம் ஒரே பக்கம். பெட்டியடியில் கிடந்த சிவப்பு மைத் தாளைத் தேடியெடுத்து மருந்தின் பெயரை ஜெர்மனில் எழுதினேன். கீழே இடம் மிச்சம் இருந்தது. அதில் தமிழிலும் எழுதினேன். இங்கே யார் படிக்கப் போகிறார்கள் என்று தெரியாமலேதான் எழுதினேன்.

3

போன வருடம் அண்ணன் வந்தார். பதினேழு வருடத்தில் எங்கள் பக்கத்திலிருந்து முதல் வருகை. விசாவுக்கு அவர் கொடுத்த காகிதங்களை அடுக்கினால் ஒரு மூட்டை தேறும். நிலத்துப் பட்டா, வங்கிப் புத்தகம், பயணக் காப்பீடு, நான் அழைத்த கடிதம். "திரும்பிப் போயிருவியான்னு நாலு விதமாக் கேட்டாக பாப்பா. மொளகாய் பழுத்துக் கெடக்கு, போகாம இங்கன என்ன செய்யப் போறேன்னு சொன்னேன். உடனே விசா குத்திட்டாக" என்றார்.

ஆறடி உயரம், காதுவரை மீசை. பெட்டியில் பாதி துணி, பாதி முண்டு வத்தல். குண்டு குண்டாக, சிவப்பாக, ராமநாதபுரத்து மிளகாய். நானும் பாஸ்கரனும் வேலைக்குப் போனதும் சமையலறை அவர் வசம் வந்துவிடும். நிலாவுக்கு அவரைக் கண்டால் வெட்கம். அவர் பத்து வார்த்தை கேட்டால் ஒரு "ம்" வரும். "ஏத்தா, உன் மகளுக்கு மாடு மாதிரி ஒத்தச் சத்தந்தான் வருமா?" என்று கேட்டு அவளைச் சிரிக்க வைத்துவிட்டார் என்பது வேறு.

இரண்டே ஜெர்மன் வார்த்தை கற்றுக்கொண்டார். 'குட்டன் மார்கன்' என்றால் காலை வணக்கம், 'டாங்கே' என்றால் நன்றி. இந்த இரண்டை வைத்துக்கொண்டு ரொட்டிக் கடை, பஸ் நிறுத்தம், ஹில்டா வீட்டுக் காப்பி எல்லாவற்றையும் சமாளித்தார்.

நான்காவது வாரம் ஒரு புதன்கிழமை. பாஸ்கரன் ஷிப்டில், நிலா பள்ளிக்கூடத்தில். எனக்கு விடுமுறை. மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். இடது விலாவுக்குக் கீழே யாரோ கம்பியைச் சொருகித் திருகியது மாதிரி ஒரு வலி. பிரசவ வலியைப் பார்த்தவள் நான். இது அதற்கும் மேலே. தரையில் விழுந்து சுருண்டுவிட்டேன். வாந்தி. வேர்வை. அண்ணன் ஓடிவந்து தலையைத் தூக்கி மடியில் வைத்தார்.

அப்புறம் தன் போனை எடுத்து 108 அடித்தார். போகவில்லை. மறுபடி அடித்தார். "என்னாத்தா, நூத்தியெட்டு எடுக்க மாட்டேங்குறான்" என்று அழுகிற குரலில் சொன்னார். இங்கே 112 என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என்னை மெல்லக் கீழே கிடத்திவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடினார். கதவை இரண்டு கையாலும் அறைந்தார். ஹில்டா திறந்ததும், மத்தியானம் மூன்று மணிக்கு, ஆறடி மனிதர் கண்ணீரோடு கத்தினார்: "குட்டன் மார்கன்! குட்டன் மார்கன்!"

ஹில்டா அதை இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். "உலகத்திலேயே மிகத் தெளிவான உதவிக் குரல் அது" என்கிறார். அவர் எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். அடுத்த நிமிடம் போன் செய்துவிட்டார்.

4

பத்து நிமிடத்தில் வந்தார்கள். இரண்டு இளைஞர்கள், கூடவே ஒரு பெண் டாக்டர். என் பக்கத்தில் மண்டியிட்டு டாக்டர் ஏதோ கேட்டார். அவர் வாய் அசைவது தெரிகிறது, சத்தம் கேட்கிறது, ஒரு சொல்கூடப் புரியவில்லை. பதினேழு வருட ஜெர்மன், இரண்டு பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கிய ஜெர்மன், மொத்தமும் அந்த வலியில் கரைந்து போய்விட்டது. வாயைத் திறந்தால் தமிழ் மட்டும் வருகிறது. அதுவும் சிக்கல் தமிழ்.

டாக்டர் பெட்டியைத் திறந்து ஊசியில் மருந்தை ஏற்றினார். வலிக்கு என்று புரிந்துவிட்டது. "ஊசி வேணாம்! அந்த ஊசி வேணாம்!" என்று கத்துகிறேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஊசிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துவிட்டார். தட்டிக்கொடுத்தது அவ்வளவு ஆறுதலாக இருந்தது, அதுதான் என் பயத்தை இன்னும் கூட்டியது.

அதற்குள் ஹில்டா கதவு ஸ்டிக்கரைக் காட்ட, ஓர் இளைஞன் சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்து டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தான். நிம்மதியாக மூச்சு விட்டேன். அவன் மூடியைத் திருகித் திறந்து, காகிதத்தை எடுக்க இரண்டு விரலை உள்ளே விட்டான்.

முழுக்க முண்டு வத்தல்.

அவன் குனிந்து முகர்ந்தான். தும்மினான். மறுபடி தும்மினான். டாக்டரிடம் டப்பாவைச் சாய்த்துக் காட்டினான். ஹில்டா "மைன் காட்!" என்றார், கடவுளே என்று அர்த்தம். மூடி இறுக்கமாக இருக்கிறதே, வத்தல் நமுத்துப் போகாதே என்று அண்ணன் அதில் நிரப்பி வைத்திருக்கிறார். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு என் கையைப் பிடித்து நரம்பு தேடினார்.

அண்ணன் அதுவரை சுவரோரம் ஒண்டி நின்றிருந்தார். அந்த டப்பாவைப் பார்த்ததும், நான் "ஊசி வேணாம்ணே" என்று கத்தியதும் ஒன்றாக அவருக்குள் விழுந்திருக்க வேண்டும். ஒரே எட்டில் வந்து டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். இளைஞர்கள் இரண்டு பேரும் அவர்மேல் பாய்ந்தார்கள். அவர் விடவில்லை. ஒரு கையால் டாக்டரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சட்டையின் உள்பையைத் துழாவி, பிளாஸ்டிக் உறையில் போட்டு மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்கம்மா. எந்தங்கச்சிக்கு இந்த ஊசி ஆகாதும்மா. பாத்துப் போடுங்கம்மா. டாங்கே. டாங்கே."

டாக்டர் படித்தார். ஊசியை அப்படியே தட்டில் வைத்தார். அவர் ஏற்றியிருந்தது வேறு பெயர், ஆனால் எனக்கு ஆகாத மருந்தின் நெருங்கிய சொந்தக்காரன் என்று பின்னால் சொன்னார். பெட்டியில் வேறொன்றைத் தேடி எடுத்தார். அது ஏறிய ஐந்தாவது நிமிடத்தில் என் உடம்பு என்னிடம் திரும்பி வந்தது. கூடவே ஜெர்மனும் வந்தது. முதல் வாக்கியமாக, "இவர் என் அண்ணன், போலீஸைக் கூப்பிடாதீர்கள்" என்றேன். டாக்டர் சிரித்துவிட்டார். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, "இவர் கையை விடுவதாக இருந்தால் நாம் கிளம்பலாம்" என்றார்.

காகிதத்தை ஏன் எடுத்தீர்கள் என்று ஆம்புலன்ஸில் கேட்டேன்.

"டப்பாவுல என்னமோ காயிதம் இருக்கேன்னு பிரிச்சேன். மேல அவுக பாஷை. கீழ தமிழ்ல அந்த ஊசி பேரு. எனக்கு ஒடம்பே ஆடிப் போச்சு பாப்பா. உசுருக் காயிதத்தப் போயி தயிருக்குப் பக்கத்துல வைப்பாகளா? ஈரத்துல எழுத்து அழிஞ்சு போகாதா? அதான் நம்மகிட்டயே இருக்கட்டும்னு எடுத்துப் பையில வச்சுக்கிட்டேன். குளிக்கிற நேரந் தவிர மத்த நேரம் பூராம் அது எங்கிட்டதான் இருந்துச்சு."

5

சிறுநீரகக் கல். மூன்று நாள் ஆஸ்பத்திரி.

பள்ளி விட்டு வந்த நிலா, வாசலில் ஆம்புலன்ஸ் விளக்கைப் பார்த்துப் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். நான் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் அவள் அழுதாள். அப்புறம் அந்த மூன்று நாளும் மாமாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் அவள்தான். வேறு ஆள் இல்லை. பாஸ்கரன் ஷிப்ட் முடிந்து வந்து நாற்காலியிலேயே தூங்கிவிடுவார்.

"மாமா, அம்மா உள்ள... கல்லு இருக்கு."

"கல்லா? சோத்துல கல்லு கெடந்துச்சா? நான் அரிச்சுத்தான தாயி ஒல வச்சேன்?"

"சோறு இல்ல மாமா. இங்க. முதுகு. ரெண்டு இருக்கும். பீன்ஸ் மாதிரி."

"அட, கிட்னில கல்லுன்னு தமிழ்ல சொல்லு!"

பக்கத்துக் கட்டில் பாட்டிகூட என்ன என்று கேட்டுச் சிரித்தாள். நிலா அவளுக்கும் மொழிபெயர்த்தாள்.

நான் வீடு திரும்பிய மறுநாள், அண்ணன் காலையில் ஒரு பழைய விபூதி டப்பாவைத் திறந்து மாத்திரை எடுத்து வாயில் போடுவதைப் பார்த்தேன். வெள்ளை ஒன்று, ரோஸ் ஒன்று. அட்டையைக் கத்திரியால் துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்ததால் எதிலும் பெயர் முழுதாக இல்லை.

"என்னண்ணே இது?"

"ஒண்ணும் இல்ல. பிரசரு. சுகரு கொஞ்சம்."

"எத்தன வருஷமா?"

"ஆறு வருஷம் இருக்கும். உன் மதினிக்குத் தெரியாது. தெரிஞ்சா சோத்துல கைய வச்சிருவா."

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. என் காகிதத்தை நெஞ்சோடு சேர்த்து வைத்துக் காத்தவருக்குத் தன் பெயரில் ஒரு வரி இல்லை. விமானத்தில் பத்து மணி நேரம் வந்திருக்கிறார். நடுவானில் மயங்கியிருந்தால் யாருக்கு என்ன தெரியும்?

நான் சொல்வதற்குள் நிலா நோட்டும் பேனாவுமாக அவர் எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, ரத்தம் என்ன?"

"செவப்பு."

"ஐயோ மாமா! குரூப்பு!"

அது அவருக்குத் தெரியவில்லை. மாத்திரையின் பெயரும் தெரியவில்லை. ஊரில் அவர் மாத்திரை வாங்கும் மெடிக்கல் கடைக்காரருக்குப் போன் போட்டோம். "அண்ணாச்சியா? ஜெர்மனில இருந்தா?" என்று கத்தியவர், அடுத்த பத்து நிமிடத்தில் இரண்டு அட்டையையும் படம் எடுத்து அனுப்பினார். போன முறை பார்த்த பிரஷர் அளவுவரை அவரிடம் இருந்தது. ரத்த வகைக்கு மட்டும் இங்கே ஒரு பரிசோதனை செய்தோம். நிலா எல்லாவற்றையும் தமிழில் எழுதினாள். ஒரு மணி நேரம் பிடித்தது. 'ரத்த அழுத்தம்' என்பதில் ஓர் எழுத்தை விட்டு 'ரத்த அழுதம்' என்று எழுதியிருந்தாள். நான் திருத்தப் போனேன். அண்ணன் தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

"கைய வைக்காத. எம்மருமக எழுதுனது."

அந்தத் தாள் இப்போது சிக்கலில் எங்கள் வீட்டு வாசல் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது. மதினிக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. சோற்றில் கையும் வைத்துவிட்டார். அண்ணன் ஆறு கிலோ குறைந்திருக்கிறார். அக்கம்பக்கத்தவர்கள் வந்து பார்த்துவிட்டு, தங்களுக்கும் எழுதித் தரச் சொன்னார்களாம். எழுதித் தரும் வேலையை மதினி எடுத்துக்கொண்டிருக்கிறார்.

நீங்களும் எழுதுங்கள். மாத்திரையின் நிறத்தை எழுதாதீர்கள், பெயரை எழுதுங்கள். ஆகாத மருந்தை மேலே பெரிதாக எழுதுங்கள். போனை எடுக்கிற ஆள் யாரோ அவர் நம்பரைப் போடுங்கள். போனைப் பூட்டி வைத்தாலும் வெளியே தெரிகிற மாதிரி அதிலும் பதிந்து வையுங்கள். மாத்திரை மாறினால் தாளையும் மாற்றுங்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். விருந்தாளிக்கும் சொல்லுங்கள், முக்கியமாக அவர் வத்தல் கொண்டு வந்திருந்தால்.

6

ஹில்டா கேக் கொடுத்ததற்கு இரண்டு நாள் கழித்து நடந்ததையும் எழுதினால்தான் இது முடியும்.

நிலாவின் வகுப்பில் ஐந்து நாள் மலைப் பயணம். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று மூன்று பேர் எண் கேட்டிருந்தார்கள். அவளே நிரப்பி, எங்களிடம் கையெழுத்து மட்டும் வாங்கிப் போனாள். நான் சரியாகப் பார்க்கவில்லை. கிளம்புவதற்கு முன் எண்கள் சரிதானா என்று கூப்பிட்டுப் பார்ப்பது அந்தப் பள்ளி அலுவலகத்தின் வழக்கமாம்.

வேலை நேரத்தில் என் போன் லாக்கரில் இருக்கும். பாஸ்கரன் போனும் அப்படித்தான். காலை பதினொன்றரைக்கு இடைவேளையில் எடுத்துப் பார்த்தேன். அண்ணனிடமிருந்து பத்தொன்பது அழைப்பு. கூடவே பள்ளி அலுவலகத்திலிருந்து ஒரு குரல் பதிவு. அந்த அம்மாள் மிகப் பணிவாகப் பேசியிருந்தார்: "உங்கள் இரண்டு எண்ணும் எடுக்கவில்லை. மூன்றாவது எண் முதல் மணியிலேயே எடுத்துவிட்டது. ஒரு மனிதர் மிகச் சத்தமாகப் பேசினார். பின்னால் சேவல் கூவியது. நிலா என்ற பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது. அவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்?"

நிலாவைக் கூப்பிட்டேன். நல்லபடியாகப் பேருந்தில் உட்கார்ந்திருந்தாள். மாமா எண்ணை ஏன் போட்டாய் என்று கேட்டேன். "எடுக்கிற ஆள் நம்பரத்தான போடணும்?" என்றாள். தமிழில், முழு வாக்கியமாக.

உடனே அண்ணனைக் கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்தார். சுற்றிலும் பஸ் ஹாரன் சத்தம்.

"பாப்பா! நிலாவுக்கு என்னாச்சு? ஒரு பொம்பள போன்ல அவ பேரச் சொல்லி என்னமோ பேசுச்சே. நானும் குட்டன் மார்கன் சொல்லிப் பாத்தேன், வச்சிருச்சு."

"ஒண்ணும் ஆகலைண்ணே. நம்பர் சரியான்னு பாத்திருக்காக, அம்புட்டுத்தான். புள்ள டூர் போறா. நல்லா இருக்கா. நீ எங்கன இருக்க?"

மறுமுனையில் நீளமாக ஒரு மூச்சு வந்தது.

"பரமக்குடி பஸ்டாண்டுல நிக்கிறேன். பாஸ்போட்டு எடுத்துக்கிட்டேன்."

"அண்ணே, விசா எப்பவோ முடிஞ்சு போச்சே?"

"அத மதுரையில போயி கேட்டுக்கிறலாம்னு பாத்தேன். இந்தா, வண்டிய எடுக்கப் போறான். நீ சொல்லு பாப்பா, ஏறவா வேணாமா?"